இரண்டு பேச்சுக்கும் ஒரே கோட்டு

கண்டியில் கோட்டுத் தைத்துக்கொண்டிருந்த முஹைதீனுக்கு இங்கிலீஷ் விளங்கும் என்பது காப்பித் தோட்டத்து வெள்ளைத் துரைமார் எவருக்கும் தெரியாது. இருபது வருடம் அவர்களுடைய தோளையும் இடுப்பையும் அளந்தவருக்கு விளங்காமல் போகுமா? அளக்கும்போது வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பார். பேச வழியில்லை. துரைமாரும் சுவருக்கு முன்னால் பேசுவதுபோல எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். ஊரில் தனக்குத்தான் எல்லாம் முதலில் தெரியும் என்று மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம். அதுதான் அவரைக் கெடுத்தது.

ஆப்கான் சண்டை தொடங்கிய வருடம் அது. காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் தூள் படர்ந்து, தோட்டம் தோட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. ஏற்றுவதற்குக் காப்பியில்லாமல் மாட்டு வண்டிகள் சும்மா நின்றன. அந்த நேரம் பார்த்து, சட்டசபைக்குத் தங்களில் ஒருவரை அனுப்பத் துரைமார் கூடினார்கள். போட்டி இரண்டு பேருக்குள். வண்டிகளையும் வண்டிக்காரர்களையும் சண்டைக்கு அனுப்பவேண்டும் என்றார் ஹுன்னஸ்கிரியத் துரை. கூடாது என்றார் அம்பிட்டியத் துரை. ஊர்க்காரர்களான எங்களை யார் கேட்டார்கள்?

கூட்டத்துக்கென்று புதுக் கோட்டு தைக்க வந்த அம்பிட்டியத் துரை, கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். "அந்நியன் மலையில் நடக்கும் சண்டைக்கு இங்கிருந்து ஒரு மனிதனும் போகக்கூடாது, ஒரு மாடும் போகக்கூடாது!" சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. குண்டூசிகளோடு முஹைதீனும் உருகிப்போனார்.

அன்று பின்னேரம் மகள் றம்லத்தின் புருஷன் நளீர் வந்தான். வண்டிக்காரன்.

"மாமா, சண்டைக்கு வண்டி புடிக்கப் போறாங்களாம். மாட்டையும் ஓட்டிக்கிட்டு மஹியங்கனைக்குப் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வாறன்."

"எங்கயும் போக வாணாம் மகன். றம்லத்துக்கு இது எட்டாம் மாசம். அம்பிட்டியத் துரை வந்தா ஒரு மாடும் போகாது. என்ட காதால கேட்டன்."

நளீர் நின்றுவிட்டான். பல்லேகல ஆற்றுத் துறையில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

அம்பிட்டியத் துரைதான் வென்றார். முஹைதீன் தெருவுக்கே சீனி கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, அதே கோட்டின் மார்பைத் தளர்த்த வேண்டும் என்று துரை வந்தார். மறுபடியும் கண்ணாடி முன் நின்றார்.

"பேரரசு அழைக்கும்போது இந்த மலைகள் பின்னிற்காது. நாற்பது வண்டிகள் தயார்!"

அதே தழுதழுப்பு. முஹைதீனின் உதட்டில் ஊசி குத்தி இரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மார்புத் தையலை அவிழ்த்தார்.

போகும்போது துரை, வேலைக்காரன் சுமந்து வந்த துணிக்கட்டுகளை மேசையில் வைக்கச் சொன்னார். கம்பளி. கண்டியில் எவனும் போடமாட்டாத தடிப்பு. வண்டிக்காரர்களுக்கு நாற்பது கோட்டு, பத்து நாளில் வேண்டுமாம். பல்லேகலத் துறையில் நின்ற வண்டிகளைக் காலையிலேயே பட்டாளம் வளைத்துவிட்டதாம். ஆட்களை அங்கே போய் அளந்துகொள்ளலாமாம்.

முஹைதீன் கத்தரிக்கோலை எடுத்தார். முதல் கோட்டுக்கு அளவெடுக்கப் போகவில்லை. நளீரின் கல்யாணக் கோட்டைத் தைத்தவர் அவர்தான். கையை மட்டும் இரண்டு விரற்கடை நீட்டி வெட்டினார். சண்டை நடக்கும் மலையில் பனி பெய்யும் என்று துரைமார் பேசக் கேட்டிருந்தார்.