லாக்கப் நேரத்தில் வந்த தையல்காரன்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது யாருக்கு நடந்ததோ அவர் நிழலைப் பார்த்து நடுங்குகிற ஆள் இல்லை. கொலைகாரர்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் நடுவில் முப்பது வருஷம் காலம் தள்ளியவர். ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. கைதிகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டுக்காரர். பிளாக்கின் சாவிக் கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

ஜெயிலைப் பற்றிக் கேட்டால் பூசி மெழுகாமல் சொல்வார். வந்த முதல் வாரம் எல்லோரும் நிரபராதி, ஒரு வருஷம் போனால் எல்லோரும் வக்கீல் என்பார். திருந்துகிறவன் ஜெயிலால் திருந்துவதில்லை, வயசாகித்தான் திருந்துகிறான் என்பார். கூச்சல் போடுகிறவனைப் பற்றிக் கவலையில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, அவன் மேல்தான் ஒரு கண் இருக்க வேண்டும் என்பார்.

நெடுநாள் உள்ளே கிடந்தவனுக்கு இரண்டு பழக்கம் ஒட்டிக்கொள்ளுமாம். காவலருக்குப் பின்னால் நடக்க மாட்டான். முன்னால்தான் போவான், அவன் முதுகு எப்போதும் காவலர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, எந்தக் கதவையும் தன் கையால் திறக்க மாட்டான். கதவு வந்தால் நிற்பான். யாராவது வந்து திறக்கும் வரை நிற்பான். விடுதலையான ஒருவன் சொந்த வீட்டு வாசலில், தட்டக்கூடத் தோன்றாமல், பெண்டாட்டி எதேச்சையாக வந்து திறக்கிற வரை மரம்போல நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அதைச் சொல்வதில்லை.

அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன். லத்தியைத் தட்டி, “மருந்து குடுக்கவா?” என்று கேட்பான். அதனால் கைதிகளுக்கு அவன் ‘மருந்து’. அந்த பிளாக்கில் ஓர் ஆயுள் கைதி இருந்தான், தையல்காரன். மெஷினில் குனிந்து குனிந்து வலது தோள் இறங்கிப் போயிருந்தது. வறட்டு இருமல் வேறு. ஒவ்வொரு இருமலும் கடைசியில் விசில்போல இழுத்துத்தான் அடங்கும். ஜெயிலைப் பார்வையிட நீதிபதி வந்தபோது, கைதிகளுக்கு வரும் போர்வைகள் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போவதை அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அந்த வியாபாரம் மருந்தினுடையது.

அன்று சாயந்தரம், கைதிகளை எண்ணி உள்ளே விட்டுப் பூட்டுகிற லாக்கப் நேரத்தில், மருந்து வந்து, தையல்காரனின் கொட்டடியைத் திறக்கச் சொன்னான். பூட்டுக்காரர் திறந்தார். மருந்து உள்ளே போனான். பூட்டுக்காரர் வெளியிலிருந்து மூடினார். சத்தம் ஓய்கிற வரை சுவரில் சாய்ந்து நின்றார்.

தொட்டிக்கருகில் வழுக்கி விழுந்து இறந்தான் என்று கோப்பு முடிந்தது. ஆனாலும் விசாரணை வந்தது. மருந்து, தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தான். சாவி யாரிடம் இருந்ததோ அவரைக் கேளுங்கள் என்று கைகாட்டிவிட்டான். பூட்டுக்காரரின் பதவி உயர்வு அதோடு போயிற்று. அவருக்குக் கீழே நின்ற பையன்களுக்கெல்லாம் அவர் சல்யூட் அடித்தார். மருந்து மேலே மேலே போய், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, நாலு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

தையல்காரனுக்காகப் பூட்டுக்காரர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. மருந்தின் அந்தப் பொய்தான் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. “அவன் சாவை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்” என்பார். அவர் மனைவி, “முதல்ல சாப்பாட்டத் தின்னுங்க, ஆறிப்போகுது” என்று பேச்சை மாற்றுவார்.

அன்று மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாயந்தரம் ஐந்தரை. ஜெயிலில் அதுதான் லாக்கப் நேரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தார்.

வாசலில் யாரோ நிற்பதுபோல இருந்தது.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றால் அவருக்குத் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். எதிர்வீட்டு நாய், காற்று அடித்தாலே குரைக்கிற நாய், வாலைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கடியில் கிடந்தது.

அப்புறம் அந்த இருமல்...

கடைசியில் விசில்போல இழுத்தது.

அவர் கை தானாகவே போய்த் தாழ்ப்பாளை நீக்கியது. யாரும் இல்லை. படியில் ஈரமாக இரண்டு கால் தடம். விரல்கள் கதவைப் பார்த்து இருந்தன. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

இப்போது இருமல் காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்தில் கேட்டது. அங்கே போய் நின்றுகொண்டிருந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டால், “திறக்கலைன்னா அங்கயே நிப்பான்” என்கிறார். அவ்வளவுதான் பதில்.

கேட்டைத் திறந்தார். தெருவில் இறங்கியதும் பார்த்தார். அவருக்கு ஆறடி முன்னால் மழை எதன்மேலோ விழுந்து தெறித்தது. இரண்டு தோள். வலது தோள் இறங்கியிருந்தது. தோளுக்கு மேல் தலைபோல ஒரு வட்டம். தண்ணீர் அதன்மேல் வழிந்ததால்தான் உருவமே தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. தெருவிளக்கு அதற்குள்ளாகத் தெரிந்தது.

அது முன்னால் நடந்தது. அவர் பின்னால் நடந்தார்.

பூங்காவின் இரும்புக் கதவு வந்தது. நின்றது. திறந்தார். மறுபக்கத்துக் கதவு. நின்றது. திறந்தார்.

அடுத்து நின்ற இடம்... மருந்தின் வீடு.

விளக்கு இல்லை. கேட்டைத் திறந்து படியேறினார்கள். முன்னறைக்கு ஒற்றைக் கதவு, மேல்பாதி கம்பி போட்டது. கைவிட்டால் உள்தாழ்ப்பாள் எட்டும். கம்பி வழியாக மருந்து தெரிந்தான். இருட்டில், நாற்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து ஆஸ்பத்திரி லோஷன் வாடை அடித்தது.

“யாரு, பூட்டா?”

“ஆமா.”

“வருஷக்கணக்கா மொகம் பாக்காதவன், மழையில வந்து நிக்கிற. யாரு கூட? முன்னாடி நிக்கிறவனுக்குக் குடை கிடையாதா?”

பூட்டுக்காரர் தண்ணீரைத்தான் பார்க்கிறார். மருந்து ஆளைப் பார்க்கிறான்.

மருந்து கண்ணை இடுக்கினான். பிறகு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். எழ முயன்றான். எழ முடியவில்லை.

“பூட்டு... திறக்காத.”

இருமல் கேட்டது. அது பொறுமையாக நின்றது.

“திறக்காதடா. உனக்கு என்ன வேணும், சொல்லு. விசாரணையில நான் சொன்னது பொய்னு எந்த ஆபீஸ்ல வேணா வந்து சொல்றேன். உன் காலப் பிடிக்கிறேன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் பூட்டுக்காரர் அத்தனை வருஷம் காத்திருந்தார். திறந்தால் மருந்து செத்தான். திரும்பிப் போனால் பிழைப்பான். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ள அவகாசமும் இருந்தது.

அவர் கம்பிக்குள் கையை விட்டார்.

“நீ எனக்கு ஒண்ணும் தர வேணாம்” என்றார். “அவனுக்குக் குடு.”

தாழ்ப்பாளை நீக்கினார்.

சில்லென்று ஏதோ அவரைக் கடந்து உள்ளே போனது.

கதவை இழுத்து மூடினார். கை விட்டு, உள்தாழ்ப்பாளைப் போட்டார்.

சத்தம் தொடங்கியது.

அடி.

முனகல்.

இருமல்...

அடி.

அவர் சுவரில் சாய்ந்து நிற்கவில்லை. இந்த முறை கம்பியில் முகத்தை வைத்துப் பார்க்க முயன்றார். உள்ளே இருட்டு மட்டும்தான் இருந்தது. சத்தம் ஓயவே இல்லை. கடைசியில் அவர்தான் நடந்து வீட்டுக்கு வந்தார். படுத்ததும் தூங்கிவிட்டார். பல வருஷங்களில் அப்படித் தூங்கியதில்லை.

காலையில் மனைவி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்க கூட்டாளி போயிட்டாராம்.”

“ம்.”

“நேத்து மத்தியானம், ஆஸ்பத்திரியில.”

“மத்தியானமா? சாயந்தரமா?”

“மத்தியானந்தான். பதினஞ்சு நாளா கால் கை விளங்காம அங்கதான கிடந்திருக்காரு. சம்சாரமும் கூடத்தான் இருந்திருக்கு. வீடு அன்னையிலேர்ந்து பூட்டித்தான் கிடக்கு.”

அப்படியென்றால் சாயந்தரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எது? உயிர் போன பிறகு அவன் வீடு தேடி வந்து ஒளிந்திருந்தானா? அங்கேயும் விடாமல் தையல்காரன் தேடி வந்தானா? பூட்டுக்காரர் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

சில நாள் கழித்து மருந்தின் மனைவி அவரைத் தேடி வந்தார். கொல்லைப்புறம் வழியாகத்தான் வீட்டுக்குள் போய் வருகிறார்களாம். முன்னறைக் கதவு திறக்கவே இல்லையாம். தச்சர் வந்தார், உளி முறிந்தது. வெல்டர் வந்தார், பாதியில் சாமான்களை எடுத்துக்கொண்டு கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

“நீங்க பூட்டுலயே வாழ்ந்தவரு. ஒரு தடவ வந்து கை வச்சுப் பாருங்கண்ணே” என்றார் அந்த அம்மாள்.

போனார். இருவரும் படியேறி நின்றார்கள். சாயந்தரம். கம்பிக்குப் பின்னால் யாரோ பழைய துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் உள்ளே கையை விட்டார். தாழ்ப்பாள் விரலில் பட்டது. துருவில்லை, இறுக்கமில்லை. லேசாக அசைத்தாலே நகரும்போல இருந்தது.

அப்போது உள்ளிருந்து ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

“பூட்டு... போதும்டா. திற.”

அந்த அம்மாளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வருதாண்ணே?” என்றார்.

பூட்டுக்காரர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கையை வெளியே எடுத்தார்.

“வராதும்மா. இந்தப் பக்கம் சுவரா எழுப்பிடுங்க.”