மூன்றாவது பானை

போதும் என்ற மனம் வேண்டும் என்று என் கணவர் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வார். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் சபைக்கு அவர் உபதேசியார். எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள். கூழுக்கே உப்பில்லாதவர்களிடம் போய்ப் பேராசை கூடாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதைக் கேட்டுத் திருந்த வேண்டியவள் நான். முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கு அது போக வேண்டும். அதற்கான பானை உபதேசியார் வீட்டில், அதாவது என் பொறுப்பில் இருந்தது. சிவப்பரிசி, சம்பா, நொய் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். பார்த்த கண்ணுக்கே தெரிந்துவிடும், இது பிடியரிசிச் சோறு என்று.

யுத்தம் வந்தது, பர்மா அரிசி நின்றது. ரேஷனில் போட்டது கல்லும் புழுவும். பிடியரிசியில் கொஞ்சம் எடுத்து விறகுக்குப் பின்னால் வேறொரு பானையில் வைத்தேன். என் மகள் பசியோடு படுக்கக் கூடாதே என்ற பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமென்றால் ஒரு பானையோடு நின்றிருக்கும். நான் மூன்றாவது பானையை நிரப்பிக்கொண்டிருந்தேன். கணவர் கேட்டதற்கு, வரத்தே குறைந்துவிட்டது என்றேன். நல்ல மனிதர், நம்பிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் சபைப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஒரு வாரமும் பிடியரிசி தவறாதவள். அவள் மகனுக்குப் பத்து நாள் காய்ச்சல்.

"ஜொரம் வுட்டுப் போச்சிங்கம்மா. கஞ்சி குடுத்தா எழுந்துப்பான்னு டாக்டரு சொல்றாரு. அவன் நைனாவும் வேலைக்குப் போனவரு இன்னும் வரலீங்க. அரைப் படி இருந்தா குடுங்கம்மா."

"இல்லையேம்மா, பானை காலி" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் தட்டோடு வாசலுக்கு வந்தாள். தட்டில் சிவப்பும் வெள்ளையுமாகச் சோறு. வந்தவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆங், சரிங்கம்மா. பாப்பா சாப்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். தெருக்கோடி வரைக்கும் அவள் மெதுவாகத்தான் நடந்தாள். கூப்பிட்டால் பொய்யை நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேராசைக்குக் கூட மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். அந்த மானத்துக்குக் கிடையாது.

நான்காம் நாள் பையன் போய்விட்டான். அடக்க ஆராதனையில் என் கணவர், கர்த்தர் தந்ததில் மனநிறைவாயிருங்கள் என்று ஜெபித்தார். வந்தவர்கள் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்தாள். களையெடுத்த கூலி அரிசி கிடைத்திருந்தது போலிருக்கிறது. முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் கொட்டினாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

"ஏம்மா இவ்வளவு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எங்க ஊட்ல ஒரு வாயி கொறஞ்சி போச்சிங்களேம்மா" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.