சித்தப்பா வோட்டுப் போட்ட நாள்

நான் குடியேறிய இந்த நாட்டில், மவுண்ட் ஆல்பர்ட் பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்களிக்கப் போனால், மேசையில் இருக்கும் பெண் என் பெயரை மெல்லக் கேட்டு, மெல்லக் கோடு போட்டு, தாளைத் தந்துவிடுகிறாள். அடையாள அட்டை கூடக் கேட்பதில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூசும் எனக்கு அது நல்லதுதான். ஆனாலும் யாராவது உரத்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் பெயரை உரத்துத்தான் வாசிப்பார்கள். கட்சிகளின் ஆட்கள் உள்ளே இருந்து கேட்டு, வந்தவர் வேறு ஆள் என்றால் மறுக்கலாம். நான் சொல்லும் அந்தத் தேர்தலில் மறுக்க எவருக்கும் துணிச்சல் இருக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தியோடு வரிசையில் நின்றேன். சித்தப்பாவை ஆயுதங்களோடு வந்தவர்கள் வீட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாரிகாலம் கழிந்திருந்தது; பிறகு ஒரு தகவலும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெயர் கேட்டது. சித்தப்பாவின் பெயர். ஓர் ஆண்குரல் "ஓம்" என்றது.

சித்தி என் கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார். காவலுக்கு நின்றவர் மறித்தார்.

"வரிசையில நில்லுங்கோ தங்கச்சி."

"உள்ளுக்கை நிக்கிறது என்ர மனுசன்!"

"அப்ப ஏன் அந்தரப்படுறியள்? போட்டிட்டு வெளியில வருவார்தானே."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். வெளியே போக வேறு வாசல் இருந்தது. நாங்கள் சுற்றிக்கொண்டு போனபோது அங்கே வெயில் மட்டும் நின்றது.

சித்தி வாக்களிக்கவே இல்லை. வழியெல்லாம் எதிரே வந்த ஆண்களின் சின்னவிரலில் மை தேடினார். எல்லா விரலிலும் மை இருந்தது. வீட்டுக்கு வந்து சித்தப்பாவுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தார். அவர் வீட்டில் உடுத்தும் சறத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டார்.

"ஆரோ கள்ள வோட்டுப் போட்டிட்டான், பிள்ளை," என்றார் அம்மா.

"குரல் கேட்டது அக்கா. உன்ர பெடியனையே கேட்டுப் பார்."

நான் தலையாட்டினேன். பெயரைக் கூப்பிட்டார்கள், ஓம் என்று பதில் வந்தது. வேறென்ன வேண்டும்?

சித்தி அடுப்படிக்குப் போனதும் அம்மா அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவர் வோட்டுப் போட வரமாட்டாரெண்டு அவங்களுக்கு எப்பிடி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

 அப்பா எழுந்து போய் வாசல் படலையைச் சாத்தினார்.

சித்தப்பா வரப்போகிற நேரத்தில் இவர் ஏன் படலையைச் சாத்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஒருவரும் பார்க்காத நேரம் போய்த் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.