வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்

புதன்கிழமை வந்தாலே உதேனிக்குக் கால் தரையில் பாவாது. பையை எடுத்துக் கட்டிலில் வைப்பாள். துணியை அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கண்டியிலிருந்து அவள் ஊருக்குப் போகும் பிபிலை பஸ் புறப்படும். இடப்பக்கம் மூன்றாவது சீட்டு அவளுக்கென்றே எழுதி வைத்தது போலக் காலியாக இருக்கும். உள்ளதைச் சொன்னால் என்ன, பல்கலைக்கழகம் அவளுக்குப் பிடிக்கவேயில்லை. பிபிலைப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தவள், இங்கே ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பில் வாயைத் திறக்கப் பயந்து கடைசி பெஞ்சில் கிடந்தாள். மூன்று மாதமாகியும் கூடப் படிப்பவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. அவர்கள் வைத்த பட்டம் ‘வெள்ளிக்கிழமை.’

வெள்ளி மத்தியானம் கடைசி வகுப்பு புள்ளியியல். அதில் உட்கார்ந்தால் பஸ் போய்விடும். ஆகவே அவள் உட்காருவதில்லை.

புள்ளியியல் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது கூடப் படிக்கும் பந்துகவுக்கு டெங்கு வந்தது. குப்பி போடுகிறவன் அவன்தான். விளங்கியவன் பலகை முன்னால் நின்று விளங்காதவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுப்பதைத்தான் அங்கே குப்பி என்பார்கள். அது இல்லாமல் அந்த வகுப்பில் பாதிப் பேர் கரையேற மாட்டார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குக் கணக்கு வரும். நான் அவ கணக்குக் கொப்பியத் திறந்து பாத்திருக்கேன்” என்றாள் அறைத்தோழி நிசன்சலா.

“எனக்கெல்லாம் வராது.”

“வராட்டியும் எழும்பு. பந்துக வர்ற வரைக்கும் டெங்குக் கொசுவா பாடம் எடுக்கும்?”

உதேனி எழுந்தாள். முதல் பத்து நிமிடம் பலகையைப் பார்த்தே முணுமுணுத்தாள். பிறகு எங்கிருந்தோ வந்தது, கொட்டினாள். நாற்பத்திரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். “இன்னொருக்கா சொல்லு நங்கி” என்று பின்னாலிருந்து ஒருவன் தங்கை முறை வைத்துக் கேட்டபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பரீட்சைக்கு முந்திய கடைசிப் பாடம் நடந்த வெள்ளிக்கிழமை தான் பஸ்ஸில் இருந்ததைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்களே. பழைய புத்தகத்தில் பார்த்ததை வைத்துச் சமாளித்தாள்.

பரீட்சை முடிந்து இரண்டு வாரத்தில் விடைத்தாள்களோடு புள்ளியியல் சேர் வந்தார்.

“நாலாவது கேள்வி. எண்ணிக்கையில ஒண்ணக் கழிச்சிட்டுத்தான் வகுக்கணும்னு கடைசி வெள்ளிக்கிழமைப் பாடத்துல சொன்னேன். நாப்பத்து மூணு பேர் கழிக்காமலே வகுத்திருக்கீங்க. ஒரே பிழை, ஒரே இடத்துல. யாரப் பாத்து எழுதினது? சொல்லாட்டி எல்லார் மேலயும் விசாரணை.”

குப்பி போட்டவரைக் காட்டிக் கொடுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. நிசன்சலா மேசையைப் பார்த்தாள், உதேனியைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் அவள் பெயர் வெளியே வராது. திறந்தால் இவ்வளவு நாளில் பலகை முன்னால் கிடைத்த அந்த ஒரே இடமும் போய்விடும்.

எழுந்துவிட்டாள்.

“யாரும் பாத்து எழுதல சேர். குப்பி போட்டது நான். அந்த வெள்ளிக்கிழமை நான் வகுப்புக்கு வரல.”

சேர் விடைத்தாள்களை மேசையில் வைத்தார். “விசாரணை இல்ல. ஆனா அந்தக் கேள்விக்கு ஒருத்தருக்கும் புள்ளி கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வராந்தாவில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும் முகத்தோடு நின்றாள்.

“வரலன்னு ஏன்டி சொல்லல?” என்றாள் நிசன்சலா.

“சொன்னா என்னயப் பாடம் எடுக்க விட்டிருப்பீங்களா?”

“அட பைத்தியமே. நாங்க எல்லாரும் அன்னைக்கு வகுப்புலதான் இருந்தோம். ஒருத்தருக்காவது அந்த ஒண்ணு ஞாபகம் வந்துச்சா? நீ பஸ்ல இருந்த, நாங்க பெஞ்சுல இருந்தோம். வேற என்ன வித்தியாசம்?”

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உதேனிக்கு அழுகைதான் வந்தது.

“அழுதது போதும், வெள்ளிக்கிழமை. இந்த வெள்ளி வகுப்புல இரு. முடிஞ்ச கையோட, நாலு மணிக்கு, அதே பாடத்தத் திரும்பப் போடு. இந்தத் தடவை ஒண்ணக் கழிச்சிட்டு” என்றாள் நிசன்சலா.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, நான் இந்த வாரம் வரல.”

“ஏன் மகள், காய்ச்சலா?”

“இல்லம்மா. இங்க வேலை இருக்கு.”

“உனக்கும் சேத்து அப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டுட்டேனே” என்றாள் அம்மா.

“தங்கச்சிக்குக் குடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஓடிப்போனால் அடுத்த பஸ்ஸையாவது பிடிக்கலாம் என்று கால் பரபரத்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பலகையை யாரோ முன்னமே அழித்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். டெங்கு விட்டு எழுந்த பந்துக, முன் பெஞ்சில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.