அமெரிக்கா மூழ்குவதாக நான் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை

இந்தியா அமெரிக்காவை எப்போது முந்தும் என்பதை நான் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் கண்டுபிடித்தேன். அங்கேதான் எம்.ஏ. பொருளாதாரம் முதலாண்டு. மடியில் நோட்டு, அதன்மேல் கிராஃப் தாள். விறுவிறுவென்று ஏறும் கோடு நாம். படுத்துக்கொண்டே நகரும் கோடு அவர்கள். ஸ்கேலை வைத்து இரண்டையும் நீட்டினால் தாளுக்குள் சந்திக்கவில்லை. அதனாலென்ன, இன்னொரு தாளை ஒட்டினேன். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் பேருந்து குதித்ததில் நம் கோடு இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டது. அழிக்க மனசு வரவில்லை. எனக்கு நாற்பது வயது முடிவதற்குள் முந்திவிடுவோம் என்று விடை வந்தது.

ரயிலில் போயிருந்தால் கோடு நேராக வந்திருக்கும். ஆனால் அகலப்பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவர மறந்திருந்தார்கள். வல்லரசு ஆகப்போகிற நாட்டுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று அதற்கும் நான் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

அந்த 2008இல் எந்தக் கல்லூரியில் பேச்சுப்போட்டி என்றாலும் தலைப்பு ஒன்றுதான்: இந்தியா அமெரிக்காவை முந்துமா? 'முந்தும்' அணியில் இடம் பிடிக்க அடிதடி. 'முந்தாது' அணிக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள், வந்து விழுந்தவள் அழுவாள். நான் எப்போதும் 'முந்தும்'. எப்போதும் முதல் பரிசு. பரிசென்றால் எவர்சில்வர் தட்டு. எங்கள் வீட்டில் நாலு பேரும் என் பொருளாதாரத்தின் மேல்தான் சோறு சாப்பிட்டோம்.

அப்போதுதான் அக்காவுக்கு அமெரிக்க மாப்பிள்ளை வந்தது. அக்கா எம்.சி.ஏ. முடித்துவிட்டு கடலூரிலேயே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஜாதகத்தைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. பையன் நியூஜெர்சியில் சாஃப்ட்வேர். அவனைப் பெற்றவர்கள் சிதம்பரத்தில். அவனுக்கு லீவு கிடைக்காததால், பெண் பார்க்க அவர்கள் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.

பெரியவளைப் பார்க்க வரும்போது சின்னவளைக் கண்ணில் காட்டக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வந்தவர்களின் மனசு மாறிவிடுமாம். என்னைப் பார்த்து ஒருவருக்கு மனசு மாறும் என்று இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஜீவன் என் அம்மா. என்னை வாழைக்காய் பஜ்ஜியோடு அடுப்படியில் அடைத்துவிட்டாள்.

கூடத்தில் பையனின் அப்பா பேசிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரல்.

"எங்க பையன் இருக்கற எடத்துல கரண்ட்டு போயி பாத்ததே இல்லீங்க. ரோட்டுல எல போட்டு சாப்பிடலாம். நம்ம நாடெல்லாம் இன்னும் நூறு வருஷம் ஆனாலும் அங்க எட்ட முடியாது."

"அப்படிங்களா," என்றார் அப்பா. கோர்ட்டில் கிளார்க். யார் சொன்னாலும் அப்படிங்களா என்பதுதான் அவருக்குப் பழக்கம்.

எனக்கு அது பழக்கமில்லை. ஒரு கையில் பஜ்ஜித் தட்டு, இன்னொரு கையில் கிராஃப் தாளோடு வெளியே வந்தேன்.

"சார், அது தப்பு."

தலைமையாசிரியர் நிமிர்ந்தார். "இது யாரு?"

"சின்னது," என்றார் மாமா அவசரமாக. "படிக்குது." வீட்டில் ஒருத்திக்கு இருக்கும் வியாதியைச் சொல்வதுபோல இருந்தது.

நான் வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தேன். "இது நாம சார், இது அவுங்க. பேங்கெல்லாம் வரிசையா கவுந்துட்டு வருது, பேப்பர் பாக்கறீங்கதான? உங்க பையன் ஓட்டக் கப்பல்ல உக்காந்திருக்காரு. சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க."

பையனின் அம்மா கையிலிருந்த பாதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்," என்று எழுந்துவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மா என்னை அடிக்க எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"ஏன் மச்சான், பாப்பா சொல்றது ஞாயம்தான? முழுகற எடத்துக்கு எதுக்குப் பொண்ணக் குடுக்கணும்?"

"மாமா, அது பஸ்ல உக்காந்து கோடு போட்டுட்டு வந்து சொல்லுது!"

"இத்தன தட்டு வாங்கியாந்திருக்காளே, சும்மாவா குடுப்பாங்க?"

அவர்கள் சொல்லி அனுப்புவதற்குள் எங்கள் வீட்டிலிருந்தே வேண்டாமென்று சொல்லி அனுப்பியாயிற்று. உள்ளூரில், அரசாங்க உத்தியோகத்தில் யாராவது இருந்தால் பார் என்று மாமாவுக்கு உத்தரவும் போயிற்று. அமெரிக்காவைக் கைகழுவிய முதல் குடும்பம் கடலூரில் நாங்களாகத்தான் இருக்கும். பிரபஞ்சமே என் பேச்சைக் கேட்கிறது என்ற மிதப்பில் ஒரு வாரம் திரிந்தேன்.

அந்த வாரம் முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது நானே கேட்டேன்.

"என்னக்கா, உம்முனு இருக்க? உன்னக் காப்பாத்தியிருக்கேன், ஒரு தேங்க்ஸ் கூட இல்ல."

அக்கா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஜாதகம் பொருந்துன அன்னிக்கே மாமா அவரோட மெயில் ஐடி குடுத்தாரு. ரெண்டு மாசமா பேசிட்டிருக்கோம். நான் அங்க போயி பி.எச்.டி. சேர்றதுக்கு எந்த யுனிவர்சிட்டி, எப்ப அப்ளை பண்ணணும்னு அவரே விசாரிச்சி வெச்சிருக்காரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சிடி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க அடுத்தவங்கள பேச விட்ட?" துணியை என் தோளில் போட்டாள். "இந்தியா அமெரிக்கான்னு கோடு போடறியே, அதுல நான் எங்கடி இருக்கேன்?"

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. சிதம்பரத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துத் தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். தலைமையாசிரியர் கதவைத் திறந்தார். என் கையில் தாள் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே விட்டார்.

வாழ்க்கையில் முதன்முறையாக, சீட்டுக் குலுக்காமலே 'முந்தாது' அணியில் பேசினேன். டாலர் எங்கேயும் போகாது சார். உலகத்தில் இருக்கிற நல்ல யுனிவர்சிட்டி பாதி அங்கேதான் இருக்கிறது. இது சும்மா ஒரு சறுக்கல், எழுந்துவிடுவார்கள், நாமெல்லாம் எட்டவே முடியாது. அன்றைக்கு நான் பேசியதுபோல எந்த மேடையிலும் பேசியதில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முந்தாநாள் பையன் போன் பண்ணான். ஆபீஸ்ல பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், அவனையும் சேத்து. திரும்பி வர்றான். நீ அன்னிக்கு சொன்னதுதாம்மா சரி. அதுக்குப் பரிசு எதாச்சும் குடுக்கணுமா?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த அம்மா காப்பி கொண்டுவந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது.

"அங்க இப்ப குளிரு ஜாஸ்தியாமே. வேல இல்லன்னா வீட்ல அந்த ஹீட்டர நிறுத்திடுவாங்களா பாப்பா? நீதான் அமெரிக்காவப் பத்தி எல்லாம் படிச்சிருக்கியே."

எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு மனிதன் எப்படிக் குளிர் காய்கிறான் என்று என் பாடத்திட்டத்தில் இல்லை. காப்பியைச் சுடச்சுட விழுங்கிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றைப் பிசைந்தபடி மாமாவைப் பார்த்தார். "பாத்தியா மச்சான், பாப்பா வாக்கு பலிச்சிடுச்சி!"

"தப்பிச்சோம் மாமா," என்றார், அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்த அதே மாமா.

அக்கா வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அவரு திரும்பி வரட்டும்ப்பா. நான் கட்டிக்கறேன்."

"வேலை இல்லாதவனையா?"

"எனக்கு இருக்கில்ல."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. நாமதான் ஏறிட்டே போறோமே, இங்க வந்தா அவனுக்கு வேலை கிடைக்குமா?"

கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி. நாடு நாடாகத் தீர்ப்பு வழங்கியவளுக்கு ஒரு ஆளுக்கு வேலை கிடைக்குமா என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலப்பா."

"அவளக் கேக்காதப்பா," என்றாள் அக்கா. "அவ 'ஆமா'ன்னாலும் கட்டிக்குவேன், 'இல்ல'ன்னாலும் கட்டிக்குவேன்." எழுந்துபோய் அப்பாவின் செல்போனை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீ அவுங்க அப்பாகிட்ட பேசு."

அப்பா கை கழுவக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இடது கையால் அழுத்தினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்த பிறகு நாலைந்து மாதம் அலைந்து சென்னையில் ஒரு வேலையில் சேர்ந்தார். அமெரிக்காவில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அதே வேலைதான். சம்பளத்தை ரூபாயாக மாற்றிக்கொண்டு, அவருக்கு முன்பே அது சென்னைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் சொல்லியிருந்தால் விசில் பறந்திருக்கும். அக்காவின் பி.எச்.டி.க்கு அந்தச் சம்பளத்தில் நியூஜெர்சி இல்லை, சென்னையிலேயே இடம் பார்த்துக்கொண்டாள். அதற்கு யாரும் விசில் அடிக்கவில்லை.

கல்யாணத்துக்குத் தலைமையாசிரியர் சீர் கேட்கவில்லை, செய்முறை கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மண்டபத்தில் சின்னப் பெண் பொருளாதாரம் பேசக்கூடாது.

பந்தியில் பரிமாறப் போனேன். மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓட்டக் கப்பல்னு சொன்னது நீங்கதானா? சொல்லுங்க, நாம எப்பதான் முந்துவோம்?"

பக்கத்து இலையில் தலைமையாசிரியர் அப்பளத்தை நொறுக்காமல் காத்திருந்தார். அக்கா என்னையே பார்த்தாள்.

"ரசம் ஊத்தட்டுமா மாமா?" என்றேன்.