மைக் நல்லதம்பி சொன்ன கொலைக் கதை

சித்திரபுரத்துப் பக்கத்து எஸ்டேட்டில் நல்லதம்பி என்று கேட்டால் எந்த நல்லதம்பி என்பார்கள். மைக் நல்லதம்பி என்றால் சின்னப் பிள்ளைகூட, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரும். பகலில் அவர் ஃபேக்டரியில் தேயிலை வாட்டுகிற சாதாரண ஆள்தான். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போட்ட கையோடு, நிர்வாகம் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். அன்றைக்கு மட்டும் அவர் ராஜா.

வருவது இந்திப் படமாகவோ இங்கிலீஷ் படமாகவோ இருக்கும். பேச்சு யாருக்கும் புரியாது. நல்லதம்பி துணி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு மட்டும் புரிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இளவட்டமாக இருந்தபோது பங்களா அடுப்படியில் கொஞ்ச காலம் ஒத்தாசைக்கு நின்றவர். அங்கே காதில் விழுந்த இங்கிலீஷ்தான் முதலீடு, மீதியை வாய் பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்காரிக்கு லச்சுமி என்று பெயர் வைப்பார். குதிரையில் வருகிற வில்லனைக் கங்காணி என்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

கூட்டம் என்றால் ஆண்கள் கூட்டம். ஆண்கள் துணிக்கு முன்னால், பெண்கள் துணிக்குப் பின்னால். அப்படித்தான் உட்கார வைத்திருந்தார்கள். மெல்லிய துணி என்பதால் படம் பின்பக்கமும் தெரியும், இடம் வலமாக மாறி. குழாய் ஸ்பீக்கர் மட்டும் ஆண்களைப் பார்த்து இருக்கும். மலைக்காற்றில் பின்பக்கத்துக்கு வெறும் இரைச்சல்தான் வந்து சேரும். அதனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் பைப்படிக்குக் குளிக்கப் போனால் பெண்கள் விடமாட்டார்கள். அவன் எதுக்கு அவளை அடிச்சான், இவ எதுக்கு அழுதா என்று கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் கறந்துவிடுவார்கள். சோப்பு காயக் காய நின்று சொல்வதில் அவருக்கும் ஒரு பெருமை.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் முத்துப்பேச்சியின் மகள் ராசம்மாள் செத்தாள். முத்துப்பேச்சி புருஷனை இழந்தவள், கொழுந்து கிள்ளுகிறவள். மகள், உதவி மேனேஜரான சின்னத்துரையின் பங்களாவில் வீட்டு வேலைக்கு நின்றாள். ஒருநாள் காலையில் பங்களாவுக்குக் கீழே ஓடையில் கிடந்தாள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எஸ்டேட் சொன்னது. போலீஸ் வந்து அதையே மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனது.

பிணத்தைக் குளிப்பாட்டிய பெண்களில் நல்லதம்பியின் மனைவி சுருளியம்மாளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

“கழுத்தச் சுத்தி ஒரு கோடுய்யா. கயித்தப் போட்டு இறுக்குன மாதிரி. வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்துல என்னத்துக்குக் கோடு?”

“பாத்தத பாத்ததோட விட்டுரு,” என்றார் நல்லதம்பி. “எவகிட்டயும் வாயத் தொறக்காத.”

குளிப்பாட்டிய பெண்களின் வீடுகளில் எல்லாம் அன்றைக்கு இதே பேச்சுத்தான் நடந்திருக்கும். முத்துப்பேச்சியும் அந்தக் கோட்டைப் பார்த்தவள்தான். அவள் வாயை அடைக்க வீட்டில் ஆள் இல்லை. மேனேஜர் பெரிய துரையிடம் சொன்னாள், கங்காணியிடம் சொன்னாள், யூனியன்காரரிடம் சொன்னாள். பெற்ற வயிறு அப்படித்தான் பேசும் என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தில் இடி விழ.

அந்த மாதப் படத்துக்குச் சாமிப் படமாகப் பார்த்துச் சொல்லி வைத்திருந்தார்கள். அழுகிற ஜனம் சாமியைப் பார்த்தால் அடங்கும் என்ற கணக்கு. நேரியமங்கலம் பக்கம் ரோட்டில் மண் சரிந்து, படப்பெட்டி ஏற்றிய பஸ் வரவில்லை. முந்தின நாள் ஸ்டாஃப் கிளப்பில் ஓட்டிய வெளிநாட்டுப் படம்தான் கையில் இருந்தது. மைதானம் நிறைந்துவிட்டது. படம் இல்லை என்று சொல்ல, இருக்கிற நிலைமையில், யாருக்கும் தைரியம் இல்லை.

அது கொலைப் படம். பணக்காரிகள் வந்து அளவு கொடுத்து உடுப்பு தைத்துக்கொள்ளும் ஒரு மாளிகை. அந்த உடுப்புகளைப் போட்டு நடந்து காட்டுவதற்கென்றே சம்பளத்துக்கு இருக்கும் அழகான பெண்கள். ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு வந்து, தையல்காரரின் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டு இறுக்கி, ஒவ்வொருத்தியாகக் கொல்கிறான். கடைசியில் முகத்துணி விலகும்போது பார்த்தால் மாளிகையின் முதலாளி. கிளப்புக்குப் பெட்டி தூக்கிப் போன நல்லதம்பி, கதவோரம் நின்று முழுவதையும் பார்த்திருந்தார்.

துணி கட்டிக்கொண்டிருந்தவரைப் பெரிய கிளார்க் சூசையப்பன் தனியாகக் கூப்பிட்டார்.

“நல்லதம்பி, கடைசியில கொலைகாரன் யாருன்னு வருது?”

“மொதலாளிதாங்கய்யா.”

“வெளியாளுன்னு சொல்லிரு. ஜனம் இருக்குற இருப்புல நமக்கு எதுக்கு வம்பு?” தோளில் கை போட்டார். “ஒம் மகன் பெரியமுத்துவ ஃபேக்டரியில பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி துரைகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்.”

“சரிங்கய்யா,” என்றார் நல்லதம்பி. யோசிக்கக்கூட இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கே நெஞ்சு கசந்தது.

படம் ஓடியது. முதல் கொலை வந்தது. நாடா கழுத்தைச் சுற்றியபோது துணிக்குப் பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். அதை அமுக்குவதற்காகவே நல்லதம்பி குரலை உயர்த்தினார். அன்றைக்கு லச்சுமியும் இல்லை, கங்காணியும் இல்லை. சிரிப்புக் காட்ட நாக்கு வரவில்லை. கடைசிக் கட்டம் வந்தது. முகத்துணி விலகி, திரை முழுக்க முதலாளியின் முகம். கையில் நாடா. முன்னால் ஒரு பெண் தரையில் கிடக்கிறாள்.

“இவருதான் மாளிகை மொதலாளி,” என்றார் மைக்கில். “கொல பண்ணுன வெளியாளு சன்னல் வழியா ஓடிட்டான். அவன் போட்டுட்டுப் போன நாடாவ மொதலாளி கையில எடுத்துப் பாக்காரு. போலீஸ்ல ஒப்படைக்கப் போறாரு.”

திரையில் அந்த மனிதன் அதே நாடாவை அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆண்கள் படத்தைப் பார்த்தார்கள், மைக்கைப் பார்த்தார்கள், பிறகு பீடி பற்ற வைத்தார்கள். ஒருவனும், இது என்ன கதை என்று கேட்கவில்லை. முதலாளி மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்தபோது, “ஒரு நல்ல மனுசன் போய்ச் சேந்துட்டாரு,” என்று சொல்லி நல்லதம்பி மைக்கை அணைத்தார்.

துணியை மடித்துக்கொண்டிருந்தபோது முத்துப்பேச்சி வந்தாள். கும்பிட்டபடியே வந்தாள்.

“அண்ணே, எம்மக கழுத்துல கெடந்த கோட்ட இந்த ஊருல ஒருத்தரும் வாய் விட்டுச் சொல்லல. நீங்க அம்புட்டுப் பேருக்கு முன்னால மைக்குல சொல்லிட்டீக. எங்க பக்கம் ஒண்ணும் வெளங்கல. ஆனா படத்துல உள்ளதத்தான சொல்லியிருப்பீக? மொதலாளிதான் கொன்னான்னு சொன்னீகள்ல?”

சொல்லியிருக்கலாம். இல்லை தாயி, நான் வேறு மாதிரி சொல்லித் தொலைத்துவிட்டேன் என்று காலில் விழுந்திருக்கலாம். நல்லதம்பி தலையை ஆட்டினார். கோழை என்று அவரைத் திட்ட எனக்கு வாய் வருகிறது. ஆனால் அந்த முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக்கூட ஒரு தைரியம் வேண்டும்தான்.

திங்கட்கிழமை காலை, பேர் கூப்பிடும் மஸ்டர் களத்தில், முத்துப்பேச்சி கூடையைத் தரையில் வைத்துவிட்டாள். எம்மகளைக் கொன்னது யாருன்னு சொல்லாம மலையேற மாட்டேன் என்றாள். பெரிய துரையே இறங்கி வந்தார், சூசையப்பனும் பின்னால் வந்தார்.

“நான் மட்டுமா சொல்லுதேன்? சனிக்கெழம நல்லதம்பி அண்ணன் ஊரறியச் சொன்னாரே, அவரக் கேளுங்க,” என்று கை நீட்டினாள்.

ஃபேக்டரி ஆட்களோடு நின்ற நல்லதம்பியைச் சூசையப்பன் சிரித்த முகமாகத் திரும்பிப் பார்த்தார். “என்னப்பா, நீ மைக்குல என்ன சொன்ன? உள்ளதச் சொல்லு.”

“வெளியாளுன்னுதான் சொன்னேங்கய்யா.”

அது பொய்யே இல்லை. அவர் சொன்னது அதுதான். களத்தில் நின்ற அத்தனை ஆண்களும் சாட்சி. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டவும் செய்தார்கள். முத்துப்பேச்சி கோபப்படவில்லை, ஏசவில்லை. புரியாமல் பார்த்தாள்.

“அப்ப எங்கிட்ட எதுக்குண்ணே தலையாட்டுனீக?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு, மலையிறங்கிக் கம்பம் ஊருக்குப் போய்விட்டாள். பெரியமுத்துவுக்கு வேலை நிரந்தரமானது. சின்னத்துரை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போனபோது மாலை போட்டு அனுப்பினார்கள்.

மைக்கும் நல்லதம்பியை விட்டுப் போகவில்லை; நிர்வாகத்துக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் இந்திப் படம். பழையபடி லச்சுமியும் கங்காணியும் வந்தார்கள், ஆண்கள் சிரித்தார்கள். மறுநாள் பைப்படிக்குப் போனார். சுருளியம்மாளும் மற்ற பெண்களும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை. சோப்புப் போட்டு முடித்தும் கேட்கவில்லை. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, “நேத்துப் படத்துல அந்தப் பய எதுக்கு ஊர விட்டு ஓடுனான்னா...” என்று ஆரம்பித்தார்.

சுருளியம்மாள் நிமிராமல் துணியைப் பிழிந்தாள்.

“வேண்டாம்யா,” என்றாள். “நாங்க பாத்துட்டோம்.”