மூன்று நிமிடம் பத்து நொடி

1. போன ஞாயிறு, பழைய மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன்.

2. போடுவதற்கு முன் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். உயிர் இருந்தது.

3. உள்ளே 'கடைசி' என்ற பெயரில் ஒரு வீடியோ இருந்தது. ஓட விட்டேன்.

4. பத்தொன்பதாவது நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. கணினி கெட்டுவிட்டது என்று முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்.

5. கெடவில்லை. நின்ற திரைக்குப் பின்னால் தூரத்தில் ஏதோ குரல் கேட்டது, பிறகு யாரோ தும்மினார்கள். அந்தத் தும்மல் என்னுடையது.

மிளகாய் வற்றல் தும்மல். வேறெந்தத் தும்மலோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மூக்கில் அல்ல, தொண்டையில் ஆரம்பிக்கும். செவ்வாய்ப்பேட்டையில் என் தோழி நஸ்ரீனின் அத்தா, அதாவது அவள் அப்பா, வற்றல் மண்டி வைத்திருந்தார். மண்டிக்கு மேலே வீடு. கீழே மூட்டை பிரித்தால் மேலே எனக்குக் கண் எரியும். அந்த வீட்டாருக்கு மட்டும் எரியாது. நான் விருந்தாளி என்பதைப் பத்து வருடமும் என் மூக்குதான் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தது.

நஸ்ரீனும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் வீட்டில் டிவி கேம் இருந்தது. மஞ்சள் கேசட் ஒன்று. மேலே நூறு கேம் என்று போட்டிருக்கும். நான் உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். ஏழுதான். மீதி தொண்ணூற்று மூன்றும் அதே ஏழு, வேறு பெயர்களில். அந்த ஏழில் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சாவிக்காரன்'. ஒரு குள்ள மனிதன் குகைகளுக்குள் ஓடிச் சாவி பொறுக்குவான். கேசட் ஓடவில்லையென்றால் உருவி, வாயில் வைத்து ஃபூ என்று ஊதித் திரும்பப் போட வேண்டும். ஊதுவதால் எந்தப் பயனும் இல்லை என்று பிறகு படித்தேன். நஸ்ரீனிடம் சொன்னதற்கு, "அப்பறம் எப்புடிடீ ஓடுச்சு?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் ஒரே ஒரு விதி. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நஸ்ரீனின் அம்மா அடுப்படியிலிருந்தே, "பாங்கு சொல்றாங்க, கண்ணுகளா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் குள்ளன் அந்தரத்திலேயே நிற்பான், பாட்டும் நின்றுவிடும். நாங்கள் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் அம்மாபேட்டை வீட்டில் பக்கத்துத் தறிக்கூடச் சத்தம் காலை முதல் ஓயாது. எதையாவது நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மாடியில்தான். தும்மாமல் இருக்க முடிந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கல்லூரி மூன்றாம் ஆண்டில் நான்தான் கண்டுபிடித்தேன். பழைய கேம் ஒவ்வொன்றையும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை யார் சீக்கிரம் முடிப்பது என்று உலகம் முழுக்கப் போட்டி நடக்கிறது; அதற்குப் பட்டியல் இருக்கிறது; அந்தப் பட்டியலில் சாவிக்காரனும் இருக்கிறான். பழைய மிஷின் வேண்டியதில்லை. கணினியை அந்த மிஷின் மாதிரி நடிக்க வைக்கும் எமுலேட்டர் போதும். எமுலேட்டரில் ஆடியது என்று ஒரு குறி மட்டும் போடுவார்கள். நஸ்ரீனின் கை எனக்குத் தெரியும். அன்றே இறக்கினேன்.

முதல் நாள் குள்ளன் பேய் பிடித்தவன் போல ஓடினான். "இவனுக்கு என்ன வயித்தால போவுதா, இந்த ஓட்டம் ஓடுறான்?" என்றாள் நஸ்ரீன். எமுலேட்டர் கோளாறு என்று முடிவு செய்து, வேகத்தைக் குறைத்து 'சரி' செய்தேன். இரண்டு மாதம் அப்படியே பயிற்சி. பிறகுதான் விதிமுறைகளை முழுதாகப் படித்தேன் (ஆமாம், நான்தான் தொழில்நுட்பம் படித்தவள்). கோளாறு எமுலேட்டரில் இல்லை. நம் ஊர் டிவி நொடிக்கு ஐம்பது படம் காட்டும். அந்த கேம் அறுபதுக்குச் செய்யப்பட்டது. நாங்கள் பிள்ளைப் பிராயம் முழுக்க மெதுவான ஒரு உலகத்தில் ஓடியிருக்கிறோம். நஸ்ரீன் விரல்களுக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆறு மாதம் ஆனது.

அந்த வீடியோ எடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் பெங்களூரு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள். பட்டியலில் முதலிடம் முப்பத்தொரு நிமிடம் நாற்பது நொடி. பயிற்சியில் அவளுடைய சிறந்த நேரம் அதற்குக் கொஞ்சம் மேலே; படம்பிடிக்காததால் அது பட்டியலில் சேரவில்லை. இனி மாடி கிடைக்காது, மதியம் முழுக்க ஆடும் நேரமும் கிடைக்காது. இன்று முடிந்தால் உண்டு. நான் அவள் கைகளைப் படம்பிடிக்க ஒரு செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தினேன். அவள் மடிக்கணினியின் பக்கவாட்டில் குனிந்து ஃபூ என்று ஊதினாள். ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. நான்காவது குகை முடியும்போது முதலிடக்காரரைவிட ஐம்பது நொடி முன்னால் இருந்தாள். மூச்சு விட்டால் கெட்டுவிடும் என்று நான் மூச்சுவிடவில்லை. பத்தொன்பதாவது நிமிடத்தில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஆரம்பித்தது. அவள் கட்டை விரல் ஸ்டார்ட்டை அழுத்தியது.

விதி தெளிவானது. எமுலேட்டரை நிறுத்தினால் ஆட்டம் செல்லாது. கேமுக்குள் நிறுத்தினால் செல்லும், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஏய், டைம் போவுதுடி" என்றேன், வாய்க்குள். அவள் திரும்பிப் பார்த்தாள். தானாக அழுத்தியது விரல்தான். அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் திரும்ப அழுத்துவதற்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அழுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மா சொல்ல வேண்டிய தேவை எப்போதோ போயிருந்தது. நான் தும்மினேன்.

பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தாள். முப்பத்து மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. நிறுத்தியிருந்தது மூன்று நிமிடம் பத்து நொடி. கழித்துப் பார்க்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

அவள் முகம் கழுவப் போயிருந்தபோது வீடியோவிலிருந்து அந்த மூன்று நிமிடம் பத்து நொடியை நான் வெட்டிவிட்டேன். நிறுத்தினால் பாட்டும் நிற்கும், திரையும் அசையாது, கைகளும் மடியில்தான். ஒட்டின இடம் எனக்கே தெரியவில்லை. பெருமையோடு காட்டினேன். "ஒரு ஈ எறும்புக்குத் தெரியாதுடி. மொத இடம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒட்டின இடத்தைப் பார்த்தாள். "சூப்பரா வெட்டிருக்கடி" என்றாள். பிறகு, "பாங்குக்கு நிறுத்துனதை நிறுத்தலைன்னு சொல்லணுமா நான்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வெட்டின வீடியோவை நான் உடனே அழித்தேன்.

முழு வீடியோவையும் அனுப்பினோம். பட்டியல் பார்த்துக்கொள்பவர், எங்கோ குளிர்தேசத்துக்காரர், இரண்டு கேள்வி கேட்டிருந்தார். ஒன்று, ஆரம்பத்தில் வரும் ஊதல் சத்தம் என்ன? இரண்டு, வெற்றி கையில் இருக்கும்போது ஏன் நிறுத்தினீர்கள்? முதலாவதற்கு நான் அரைப் பக்கம் எழுதினேன். இரண்டாவதற்கு நஸ்ரீன் ஒரு வரி எழுதினாள்: தொழுகைக்கு அழைத்தார்கள், எங்கள் வீட்டில் அப்போது நிறுத்துவோம். அவர் ஏற்றுக்கொண்டார். நான்காவது இடம்.

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் முயன்றாள். முப்பத்து நான்குக்குக் கீழே ஒரு முறையும் வரவில்லை.

இப்போது மண்டி ஊருக்கு வெளியே போய்விட்டது. அந்த மாடி இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். போன மாதம் அந்தச் சந்தில் நடந்தேன், தும்மல் வரவில்லை. என் அக்கா மகள் செல்போனில் ஆடும் கேமில் நிறுத்தும் பொத்தானே கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால், "நிறுத்துனா செத்துருவேன் சித்தி" என்கிறாள்.

மடிக்கணினியை எடைக்குப் போடவில்லை. பட்டியலில் நஸ்ரீன் இப்போது பதினோராவது இடத்தில் இருக்கிறாள். பெயருக்கு எதிரே இப்படி இருக்கிறது: முப்பத்து மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி, எமுலேட்டர், ஒரு முறை நிறுத்தப்பட்டது.